சிங்கப்பூர் பர்மிட்: ஐ.பி.ஏ தாளைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ரெண்டு பேராவது சிங்கப்பூரில் இருப்பார்கள். "ஸ்கில் அடிச்சாச்சு" (தொழில் தேர்வில் தேறியாச்சு), "ஐ.பி.ஏ வந்துருச்சு" என்பதெல்லாம் டீக்கடையில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. ஆனாலும் முதல் தடவை போகிற பையன்கள் அந்த ஐ.பி.ஏ தாளில், அதாவது சிங்கப்பூர் அரசு தரும் முன் ஒப்புதல் கடிதத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே நகையை அடகு வைத்து ஏஜென்ட் கையில் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலைக்கு ஒர்க் பர்மிட்டில் போகிறவர்களுக்கான விளக்கம் இது.

முதலில், எந்தச் சீட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

முக்கியமாக மூன்று வகை உண்டு. படித்தவர்களுக்கான உயர்ந்த வேலைக்கு இ பாஸ். நடுத்தரத் தொழில்நுட்ப வேலைக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பரிலிருந்து இதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்குக் கீழே இருப்பதுதான் ஒர்க் பர்மிட். இதற்குப் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, அதனால் தாளில் என்ன தொகை போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பிடிமானம். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

பாஸ்போர்ட், அப்புறம் ஸ்கில் டெஸ்ட்

கட்டட வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் கட்டாயம். கம்பி கட்டுவது, டைல்ஸ், பிளம்பிங், வயரிங் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித் தேர்வு; சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த மையத்தில் எழுதினால்தான் செல்லும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாளிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் போடுவது நீங்கள் இல்லை

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது முதலாளி, அல்லது அவர் அமர்த்திய ஏஜென்சி, அதுவும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு இணையம் வழியாக. விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, கார்டு வழங்க இன்னொரு 35 வெள்ளி. இரண்டையும் கட்ட வேண்டியது முதலாளி. உங்கள் பேரில் அரசுக்குப் பிணையாகக் கட்டும் 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்டு, வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக அரசுக்கு மாதாமாதம் கட்டும் லெவி, மருத்துவக் காப்பீடு எல்லாமே அவர் பொறுப்பு, அதில் ஒரு காசைக்கூட உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. "லெவிக்கு, பாண்டுக்கு" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் அது பொய்.

அப்படியானால் ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்? சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய உச்சம், ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம். ஊரில் கேட்பதோ லட்சக்கணக்கில். கொடுப்பதற்கு முன்னால் அந்த ஏஜென்ட் பெயர் இந்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

ஐ.பி.ஏ வந்ததும்

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அமைச்சு கொடுக்கும் முன் ஒப்புதல் கடிதம்தான் ஐ.பி.ஏ. நீங்கள் கிளம்புவதற்கு முன்பே உங்கள் மொழியில் அது உங்கள் கைக்கு வர வேண்டும். ஏஜென்ட் ஆங்கிலப் பிரதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உண்மையான தாளா என்று பார்க்க, மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் போன வருடம் தாளோடு வந்தான். "அண்ணே, மாசம் ஆயிரம் வெள்ளின்னு சொல்லியிருக்காங்க" என்றான். தாளை விரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 600, நிலையான படி என்ற கட்டத்தில் சுழியம். ஏஜென்டுக்கு அவனையே போன் போடச் சொன்னேன், "மிச்சம் ஓ.டி.ல வந்துரும் தம்பி" என்று பதில். ஓ.டி. என்றால் கூடுதல் நேர வேலை. சரி, கணக்குப் போடுவோம் என்று நோட்டை எடுத்தோம். மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, வாரம் 44 மணி நேரம் வீதம் 52 வாரத்துக்கு வகுத்தால் மணிக்கு 3.15 வெள்ளி. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4.72. குறைகிற 400 வெள்ளியைச் சம்பாதிக்க மாதம் 85 மணி நேரம் ஓ.டி. பார்க்க வேண்டும். சட்டத்தில் பொதுவான உச்சமோ மாதம் 72 மணி. ஓய்வு நாளில் வேலை பார்த்தால் தனிக் கணக்கு என்றாலும் அது கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. இதில் சாப்பாட்டுச் செலவு வேறு. அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், "அப்போ வட்டி எப்படிடா கட்டுறது?" என்று மட்டும் கேட்டார்.

நீங்களும் இதே மாதிரி வரிக்கு வரி பாருங்கள்: அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், வேலையின் பெயர், கம்பெனியின் பெயர். ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் அங்கே செல்லாது. தாளில் உள்ள சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலாளி உங்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கி அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் போய் இறங்கியதும் சில இடங்களில் வெற்றுத் தாளிலோ புரியாத தாளிலோ கையெழுத்துக் கேட்பார்கள், போட்டுவிடாதீர்கள்.

போய் இறங்கிய பிறகு

இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு, தமிழிலேயே நடக்கும், தூங்கிவிடாமல் கேளுங்கள், உங்கள் உரிமைகளை அங்கேதான் சொல்லித்தருவார்கள். கைரேகை, போட்டோ எடுத்த பிறகு கார்டு வரும். பாஸ்போர்ட்டை நீங்களே வைத்திருங்கள். முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது அங்கே குற்றம். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. பணம் வர வேண்டும். எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்கினோம், எத்தனை மணிக்கு ஏறினோம் என்று தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள், பேஸ்லிப்பைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், சம்பளத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

தகராறு வந்தால் ஊமையாக இருக்க வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692, ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம். சம்பளப் பாக்கிக்கான புகாரை, வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் பையன் 600 வெள்ளிக்குப் போகவில்லை. நாலு மாதம் உள்ளூரிலேயே வயரிங் வேலை பார்த்தான், பிறகு அங்கே இருக்கிற அவன் சித்தப்பா மூலமாக வேறு ஐ.பி.ஏ வந்தது. இந்தத் தடவை தமிழ்ப் பிரதியை அவனே கேட்டு வாங்கி, பிடித்தம் என்ற வரியில் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்திருந்தான்.