நாற்பது சீட்டும் ஒரு கட்டமும்: அதிபர் வேட்பாளர்களின் ஆதரவு எப்படி நகர்கிறது என்று நாமே பார்ப்பது

2017 பிரெஞ்சு அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் நம் ரீயூனியன் தீவில் மக்ரோனுக்குச் சுமார் 60 விழுக்காடு, தீவிர வலதுசாரியான மரின் லெ பென்னுக்குச் சுமார் 40. ஐந்து வருடம் கழித்து 2022இல் அதே இருவர் மோதினார்கள். இந்தத் தடவை லெ பென்னுக்கு 60க்கு ஒட்டி, மக்ரோனுக்கு 40. அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த முதல் சுற்றில் இங்கே முதலிடம் பிடித்தது இவர்கள் இருவருமே இல்லை, 40 விழுக்காடு வாங்கிய இடதுசாரி மெலன்ஷோன். அந்த ஓட்டெல்லாம் எங்கே போனது? எத்தனை பேர் கட்சி மாறினார்கள், எத்தனை பேர் வெற்றுச் சீட்டு போட்டார்கள், எத்தனை பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை? மொத்தக் கணக்கை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது.

பாரீஸ் நிறுவனங்களின் கணிப்புகளும் இதற்கு உதவாது. நாடு முழுக்க ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பேரிடம் கேட்கிறார்கள்; அதில் நம் தீவுக்காரர்கள் இருந்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2027 தேர்தலுக்கு நமக்குத் தெரிந்தவர்களை வைத்து நாமே ஒரு சின்னக் கணிப்பு நடத்திப் பார்க்கலாம். யார் ஜெயிப்பார்கள் என்று இது சொல்லாது. யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார்கள் என்று சொல்லும். எனக்கு அதுதான் சுவாரசியம்.

முதல் விஷயம்: அதே ஆட்கள்

ஒவ்வொரு மாதமும் புதுப்புது ஆட்களிடம் கேட்டால் இரண்டு மாத எண்களுக்கு நடுவே வரும் வித்தியாசம் மனம் மாறியதால் வந்ததா, ஆள் மாறியதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. அதனால் ஒரு குழுவைப் பிடித்து, அவர்களிடமே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இது பழைய முறைதான். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் 600 பேரிடம் மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் போய்க் கேட்டார்கள். பிரசாரம் எல்லோர் மனத்தையும் புரட்டிப் போடும் என்பது அன்றைய நம்பிக்கை. உண்மையில் ஒரு கட்சியை விட்டு இன்னொன்றுக்குத் தாவியவர்கள் சொற்பம்தான் என்று தெரிந்தது.

நமக்கு 600 வேண்டாம், 40 போதும். நடுவில் சிலர் கழன்றுகொள்வார்கள் என்பதால் 50 பேரில் தொடங்குங்கள்.

யாரைச் சேர்ப்பது? இங்கேதான் பலர் சோம்பலில் கெடுத்துக்கொள்கிறார்கள். கோவில் சங்கத்து வாட்ஸாப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அரசியலில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். நம் தீவு வானொலியான ரேடியோ ஃப்ரீ டோமுக்கு போன் போட்டுப் பேசுபவர்களைத் தீவின் குரல் என்று எடுத்துக்கொள்வதும் இதே தப்புதான். எண்ணிக்கை கூடினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேலான பதில் அட்டைகளை எண்ணி, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தது ரூஸ்வெல்ட். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

பிரெஞ்சு நிறுவனங்கள் பாலினம், வயது, தொழில், வட்டாரம் என்று பங்கு பிரித்து ஆள் எடுக்கும். நாமும் அதையே தோராயமாகச் செய்யலாம். ஆணும் பெண்ணும் பாதிப் பாதி. முப்பதுக்குக் கீழே, நடுவயது, ஓய்வூதியக்காரர்கள் மூன்று வகையும் இருக்கட்டும். சம்பளக்காரர், கடை வைத்திருப்பவர், வேலை தேடுபவர் எல்லோரும் வேண்டும். செந்தாந்த்ரேயிலேயே எல்லோரையும் பிடிக்காமல் செம்பியேர் பக்கம், மலைமேல் பக்கம் என்று கொஞ்சம் பரப்புங்கள். மல்பார் என்று இங்கே அழைக்கப்படும் நம் தமிழ் வம்சாவளிக் குடும்பங்களோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்து வீட்டு கிரியோல் நண்பர், சீனர் கடை முதலாளி, நான்கு வருடம் முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடிமகன் எல்லோரும் ஓட்டுக்காரர்கள்தான். ஓட்டே போடாதவர்களை விட்டுவிடாதீர்கள். 2022 முதல் சுற்றில் இங்கே பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் வாக்களிக்கவில்லை. அவர்கள் இல்லாத குழு இந்தத் தீவின் குழு இல்லை.

சீட்டு

கால் தாளில் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும். மேலே வலது மூலையில் ஒரு சிறு கட்டம் விடுங்கள். அதில் பெயர் எழுதக்கூடாது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு அடையாளச் சொல்லை எழுத வேண்டும். லீச்சி, சுஷூ, பலாக்காய், எதுவானாலும் சரி. மறுமாதமும் அதே சொல். லீச்சி யார் என்று நமக்குத் தெரியாது, ஆனால் பிப்ரவரி லீச்சியும் மார்ச் லீச்சியும் ஒரே ஆள் என்று தெரியும். மொத்த வேலையும் இந்தக் கட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

அதன் கீழே மூன்று கேள்விகள். இன்றைக்கே முதல் சுற்று நடந்தால் யாருக்குப் போடுவீர்கள்? அது முடிவான முடிவா, மாறவும் கூடுமா? அவர் களத்தில் இல்லை என்றால் அடுத்தபடியாக யார்? முதல் கேள்விக்கான பதில்களில் "வெற்றுச் சீட்டு", "ஓட்டுப் போடப் போவதில்லை", "இன்னும் தெரியாது" மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். மூன்றையும் ஒரே வரியில் போட்டு மூடினால் பாதிக் கதை போய்விடும்.

முதல் தடவை மட்டும் நாலாவதாக ஒரு கேள்வி: 2022 முதல் சுற்றில் யாருக்குப் போட்டீர்கள்? குழு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இதில் தெரிந்துவிடும். தீவில் மெலன்ஷோனுக்கு 40 விழுக்காடு கிடைத்திருக்க, உங்கள் சீட்டுகளில் 10 விழுக்காடுதான் வந்தால், உங்கள் நட்பு வட்டம் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஆனாலும் குழுவைக் கலைக்க வேண்டாம். சாய்ந்த குழு எத்தனை விழுக்காடு என்பதில் பொய் சொல்லும். எந்தத் திசையில் நகர்வு என்பதில் அவ்வளவாகப் பொய் சொல்லாது.

வேட்பாளர் பட்டியல் முதலில் இழுத்துக்கொண்டே போகும். மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையெழுத்து வாங்கினால்தான் போட்டியிட முடியும். அரசமைப்பு மன்றம் அறிவித்த பிறகுதான் பட்டியல் இறுதி. 2022இல் 12 பேர், 2002இல் 16 பேர். அதுவரை பேசப்படும் பெயர்களோடு "வேறு ஒருவர்" என்ற வரியையும் போடுங்கள். பெயர் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு கலைத்து அச்சடியுங்கள். கேள்வியின் சொற்களை மட்டும் கடைசி வரை மாற்றவே கூடாது.

கேட்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை பிக்னிக்தான் எனக்குப் பிடித்த இடம். எத்தாங் சலே பக்கம் சவுக்கு மரத்தடியில் பானை கொதித்துக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் சாவகாசமாக இருப்பார்கள். கோவிலுக்குள் வேண்டாம், சாமி கும்பிட வந்தவரிடம் ஓட்டுக் கேள்வி நாகரிகம் இல்லை.

வாயால் கேட்காதீர்கள். "அண்ணே, இந்தத் தடவையும் அவருக்குத்தானே?" என்று நாம் ஆரம்பித்தால் அண்ணன் "ஆமாம் தம்பி" என்றுதான் சொல்வார். அவர் சொன்னதையே பக்கத்தில் இருக்கும் அண்ணியும் சொல்வார். ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு பேனா, மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடச் சொல்லுங்கள். அப்பாவும் மகனும் ஒரே டப்பாவில் போட்டாலும் ஒருவர் பதில் இன்னொருவருக்குத் தெரியாது. லெ பென்னுக்குப் போடுவதை வெளியே சொல்லத் தயங்குபவர்கள் நம்மிடையே உண்டு; சீட்டில் எழுதுவார்கள்.

மாதம் ஒரு தடவை, இறுதிப் பட்டியல் வந்த பிறகு வாரம் ஒரு தடவை, இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஒன்று. 2022இல் முதல் சுற்று ஏப்ரல் 10, இரண்டாவது ஏப்ரல் 24. நடுவே தமிழ்ப் புத்தாண்டு வந்தது. அப்படி அமைந்தால் குடும்பம் கூடும் நாளிலேயே வேலை முடிந்துவிடும்.

எண்ணுவது

இனி முக்கியமான பகுதி. இரண்டு மாதமும் சீட்டுப் போட்டவர்களை மட்டும் எடுங்கள். ஒரு மாதம் வந்து மறுமாதம் வராதவரைக் கணக்கில் வைத்தால், அவர் இல்லாததே ஒரு "நகர்வு" போலத் தெரியும்.

உதாரணத்துக்கு 40 பேர், வேட்பாளர்கள் அ, ஆ, இ என்று வையுங்கள். பிப்ரவரியில் அ 16, ஆ 10, இ 6, முடிவில்லாதவர்கள் 8. மார்ச்சில் அ 15, ஆ 12, இ 7, முடிவில்லாதவர்கள் 6. பார்த்தால் அ-வுக்கு ஒரே ஒரு ஆள் குறைந்திருக்கிறார், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சரி, இப்போது அடையாளச் சொற்களை வைத்து ஒரு கட்டம் போடுவோம். இடப்பக்கம் பிப்ரவரி, மேலே மார்ச்; "இல்லை" என்றால் முடிவில்லாதவர்கள்.

| | அ | ஆ | இ | இல்லை |
|---|---|---|---|---|
| அ (16) | 11 | 2 | 0 | 3 |
| ஆ (10) | 0 | 8 | 2 | 0 |
| இ (6) | 1 | 1 | 4 | 0 |
| இல்லை (8) | 3 | 1 | 1 | 3 |

அ-வை விட்டு ஐந்து பேர் போயிருக்கிறார்கள், நாலு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். மொத்தம் 14 பேர் இடம் மாறியிருக்கிறார்கள். அசையாத எண்ணுக்கு அடியில் இவ்வளவு நடமாட்டம். போன ஐவரின் பிப்ரவரிச் சீட்டை எடுத்து "மாறவும் கூடும்" என்று குறித்திருந்தார்களா என்று பாருங்கள். குறித்திருந்தால் வியப்பில்லை. "முடிவான முடிவு" என்று எழுதியவர் போயிருந்தால், பிரசாரத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

இதில் எதை நம்பலாம்? ஆயிரம் பேர் மாதிரியிலேயே கூடவோ குறையவோ 3 புள்ளி பிசகும். 40 பேரில் 15 புள்ளி வரை போகும், அதுவும் குலுக்கல் முறையில் ஆள் எடுத்திருந்தால். அதனால் விழுக்காட்டை மறந்துவிட்டு, இரு வேட்பாளர்களுக்கு நடுவே இடம் மாறியவர்களை மட்டும் எண்ணுங்கள். எட்டுப் பேர் மாறியதில் ஏழு பேர் ஒரே திசை என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். காசு சுண்டினால் அப்படி விழுவது நூற்றுக்கு ஏழு தடவைதான். ஆறில் நாலு என்றால் ஒன்றும் இல்லை, சும்மாவே அடிக்கடி விழும்.

வெளியே சொல்வதற்கு முன்

பிரான்சில் 1977 ஜூலை 19ஆம் தேதிச் சட்டம் கருத்துக்கணிப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. 2016இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. பிரதிநிதித்துவ மாதிரி இல்லாத ஒன்றை "சொந்தாஜ்" (கருத்துக்கணிப்பு) என்ற பெயரில் வெளியிடாதீர்கள். நண்பர்கள் வட்டத்து விசாரிப்பு என்று தெளிவாக எழுதுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின நாளும் வாக்குப்பதிவு நாளும் கணிப்புகளை வெளியிடவோ பரப்பவோ தடை, அபராதம் 75,000 யூரோ. அந்த இரண்டு நாளும் நம் எண்களும் டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும். அரசியல் கருத்து என்பது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாகக் காக்கும் தகவல். அடையாளச் சொல் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். லீச்சி யார் என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் நம் சாவடிகள் முன்னதாகவே மூடிவிடும், ஆனாலும் பாரீஸில் இரவு 8 மணி ஆகும்வரை முடிவு வெளிவராது; நமக்கு அது இரவு 10. அப்புறம் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் ஊர்வாரியாக எண்கள் ஏறும். உங்கள் குழுவினர் வாழும் ஊர்களை மட்டும் எடுத்து, 2022 எண்களோடு பக்கத்தில் எழுதி, கூடியதும் குறைந்ததும் உங்கள் கட்டம் காட்டிய திசையில்தானா என்று பாருங்கள். இரண்டாம் சுற்று முடிகிறவரை சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். "அடுத்தபடியாக யார்" என்ற மூன்றாவது பதிலுக்கு அப்போதுதான் வேலை வரும்.