வலைத்தளம் அப்புறம்: சிறு கடைக்காரர் ஆன்லைனில் விற்கத் தொடங்குவது எப்படி?

ஆன்லைனில் விற்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் தேடுவது வலைத்தளம் செய்து தருபவரைத்தான். அது கடைசி வேலை. வளரும் நாடுகளில் சிறு வணிகர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பணம் வாங்குவதிலும் பொருளைக் கொண்டு சேர்ப்பதிலும்தான். முதலில் அவற்றைப் பார்ப்போம்.

படி 1: இரண்டு மூன்று பொருள் போதும். எளிதில் உடையாதது, கெடாதது, அளவு பொருந்தவில்லை என்று திரும்பி வராதது. கடையையே தூக்கி இணையத்தில் வைக்க வேண்டாம்.

படி 2: அனுப்பும் செலவு தெரிந்த பிறகே விலை வையுங்கள். தராசு காட்டும் எடையை மட்டும் நம்பாதீர்கள். கூரியர்காரர்கள் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 40 × 30 × 20 பெட்டி என்றால் 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோ தலையணைதான் என்றாலும் 4.8 கிலோவுக்குத்தான் கட்டணம். சின்னப் பெட்டி தேடுவதில் செலவிடும் நேரம் வீண் போகாது.

படி 3: மக்கள் ஏற்கெனவே பழகிய வழியில் பணம் வாங்குங்கள். கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா, வங்கதேசத்தில் 2011-ல் வந்த பிகாஷ், இந்தியாவில் 2016-ல் வந்த யுபிஐ, பிரேசிலில் 2020-ல் வந்த பிக்ஸ், இவையெல்லாம் போனிலேயே பணம் அனுப்பும் வழிகள், எதற்கும் கிரெடிட் கார்டு தேவையில்லை. ஒரே ஒரு கண்டிப்பு: வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளை அனுப்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஒரு நிமிடம் போதும்.

படி 4: வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவுங்கள். 2018-ல் வந்தது, இலவசம். அதிலுள்ள கேட்டலாகில் படம், விலை, விவரம் போடலாம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஒரு படத்திலாவது பொருள் கையில் இருக்கட்டும், அளவு புரியும்.

படி 5: கேஷ் ஆன் டெலிவரி, அதாவது பொருள் கைக்கு வந்ததும் பணம் தருவது. இதில்தான் லாபம் கரையும். முன்பின் தெரியாத கடைக்கு முன்பணம் தர மக்கள் தயங்குவது நியாயமே, அதனால் இதை அடியோடு மறுக்கவும் முடியாது. ஆனால் வாங்குபவர் வாசலிலேயே வேண்டாம் என்றுவிட்டால், அனுப்பிய செலவும் திரும்பி வரும் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அனுப்பும் முன் ஒருமுறை போனில் பேசி உறுதி செய்யுங்கள். டெலிவரி கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர் பெரும்பாலும் அங்கேயே விலகிவிடுவார். விலை அதிகமான பொருளுக்கு இந்த வசதியே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 6: முகவரி. தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத ஊர்கள் ஏராளம். அருகிலுள்ள அடையாளம், இன்னொரு போன் எண், வாட்ஸ்அப் லொக்கேஷன் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கூகுள் மேப்ஸ் காட்டும் பிளஸ் கோடு என்ற சிறு எழுத்து-எண் குறியீடு, தெருப்பெயர் இல்லாத இடத்தையும் குறிக்கும்.

இவ்வளவும் ஓடத் தொடங்கி, வாட்ஸ்அப் அரட்டையில் ஆர்டர் எடுத்துக் கை ஓயும்போது பெரிய விற்பனைத் தளங்களில் சேரலாம். சேரும் முன் கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், திரும்பி வரும் பொருளின் செலவு யாருடையது, இவை மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். வலைத்தளத்தை அதன் பிறகு யோசித்தால் போதும்.