வயர்ஷார்க் 4.4: பட்டியலில் நெட்வொர்க் கார்டைக் காணோம்

உபுண்டு லினக்ஸில், நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் 4.4 நிரலை மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்து போட்டேன். திறந்தால் ஈதர்நெட், வைஃபை எதுவும் இல்லை; 'ரேண்டம் பாக்கெட் ஜெனரேட்டர்' மாதிரி உதிரிகள் மட்டும். பழைய பதிப்பில் எல்லாம் தெரிந்தது.

சூடோவில், அதாவது ரூட் எனும் நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால் கார்டுகள் வந்தன. ஆக, அனுமதிச் சிக்கல். ஆனால் இவ்வளவு பெரிய நிரலை ரூட்டாக ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. பாக்கெட் பிடிக்க அனுமதி உள்ள 'வயர்ஷார்க்' பயனர் குழுவில் என் கணக்கைச் சேர்த்து, லாக்-அவுட் செய்து வந்தேன். பலனில்லை. உபுண்டுவின் பழைய வயர்ஷார்க் பேக்கேஜை மறுபடி கான்ஃபிகர் செய்தேன். அதுவும் வீண். இரண்டு நாள் போச்சு.

உண்மையில் பாக்கெட்டைப் பிடிப்பது டம்ப்கேப் என்ற குட்டி நிரல்தான். என் கணினியில் அது இரண்டு இருந்தது: பேக்கேஜ் போட்டது யூஎஸ்ஆர்/பின்னில், நான் கம்பைல் செய்தது யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில். நான் கொடுத்த அனுமதியெல்லாம் முதலாவதுக்கே போயிருக்கிறது. புதிய வயர்ஷார்க் கூப்பிடுவதோ தன் பக்கத்திலிருக்கும் இரண்டாவதை. ஒரு கோப்புக்கு என்ன உரிமை உண்டு எனக் காட்டும் கெட்கேப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அதற்கு எதுவுமே வரவில்லை.

உரிமை கொடுக்கும் செட்கேப் கட்டளை மூலம் நெட்-ரா, நெட்-அட்மின் என்ற நெட்வொர்க் உரிமைகளை அதற்குக் கொடுத்ததும் கார்டுகள் வரிசையாக வந்து நின்றன. அப்பாடா!

இந்த உரிமை கோப்போடு ஒட்டியது. அடுத்த முறை கம்பைல் செய்து 'மேக் இன்ஸ்டால்' கட்டளையால் போடும்போது கோப்பு மாறும், உரிமையும் போய்விடும். அதனால் செட்கேப் வரியை என் பில்ட் ஸ்கிரிப்டின் கடைசியில் சேர்த்துவிட்டேன்.