கூலர் வாங்கும் முன் தெர்மாமீட்டர் வாங்குங்கள்

எங்கள் ஊரில் சி.பி.யு. என்றால் மேஜைக்கடியில் இருக்கும் மொத்தப் பெட்டி. அதனால் "சி.பி.யு. கூலர் மாற்றணும்" என்று சொன்னால், பெட்டிக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன் வைக்கச் சொல்கிறேன் என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் சர்வீஸ் கடை போட்டுப் பதினாறு வருடமாகிறது, இன்னும் இந்தக் குழப்பம் தீரவில்லை. நான் சொல்ல வருவது பெட்டிக்குள்ளே, அசல் சி.பி.யு.வான பிராசசர் சிப்பின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கூலரைப் பற்றி.

போன கத்திரியில் புதுச்சேரியில் படிக்கும் ஒரு பையன் போன் செய்தான். "அக்கா, யூடியூப்ல இதே கூலருக்கு 68 டிகிரிதான் காட்டுது. எனக்கு 84 வருது. டூப்ளிகேட் கொடுத்துட்டாங்களா?" அவன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. அறைக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் போட்டோ அனுப்பச் சொன்னேன். 37 காட்டியது. அந்த வீடியோவை எடுத்தவர் தன் அறை 21 டிகிரி என்று கீழேயே எழுதியிருந்தார். 84இல் 37 போனால் 47. 68இல் 21 போனாலும் 47. கூலர் அசல்தான், வெயிலும் அசல்தான்.

எந்தக் கூலரைப் பற்றிப் படித்தாலும் முதலில் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள். காற்றில் இயங்குவதோ தண்ணீரில் இயங்குவதோ, கூலர் செய்வது பிராசசரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் விடுவதுதான். அறையை விடக் கீழே அது இறங்காது. குளிர்நாட்டுக்காரர் சொல்லும் எண்ணோடு, உங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் உங்கள் எண் ஏறக்குறைய வந்துவிடும். (பெல்டியர் என்ற, மின்சாரத்தில் குளிரும் தகட்டை வைத்து அறையை விடக் குளிர வைக்கும் சாதனங்களும் உண்டு. நம் கடற்கரை ஈரத்தில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பன்னீர் சோடா பாட்டில் மாதிரி மதர்போர்டு வேர்க்கும். வேண்டவே வேண்டாம்.)

அடுத்து, பிராசசர் எவ்வளவு சூடு கக்கும் என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இன்டெல் ஐ5-12400 க்கு 65 வாட் என்று போட்டிருக்கும், முழு வேகத்தில் 117 வரை போகும். ஐ7-14700கே 125 என்று சொல்லிவிட்டு 253 வரை ஏறும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டில் (போர்டில் சிப் உட்காரும் இடம்) 65 வாட் சிப் 88 வரையும், 170 வாட் சிப் 230 வரையும் இழுக்கும். கூலரைத் தேர்ந்தெடுக்க இந்தப் பெரிய எண்தான் வேண்டும்.

ரைசன் 5 7600, ஐ5-12400 மாதிரிச் சிப்புகளோடு ஒரு சின்னக் கூலர் கூடவே வரும். பில் போட, பாடம் படிக்க, படம் பார்க்க அது போதும். கத்திரியில் கேம் ஆடினால்கூட ஓடும், ஆனால் மிக்ஸி போட்ட மாதிரி சத்தம் வரும். சத்தம் பொறுக்க முடியாதவர்கள்தான் மாற்ற வேண்டும். பெயர் கடைசியில் 'கே' உள்ள இன்டெல் சிப்புகளோடு கூலர் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

மாற்றுவதென்றால் நம் ஊருக்கு என் முதல் பரிந்துரை டவர் கூலர். நாலு செப்புக் குழாய், அதன்மேல் அடுக்கடுக்காக அலுமினியத் தகடு, பக்கவாட்டில் 120 மில்லிமீட்டர் ஃபேன். குழாய் வெறும் செம்பு இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீரை அடைத்திருப்பார்கள். இட்லிக் குண்டானில் நடப்பதுதான் அங்கே நடக்கிறது. அடியில் சூடு பட்டால் நீர் ஆவியாகி ஏறும், ஆறிய இடத்தில் மூடியில் சேர்கிற மாதிரி மறுபடி நீராகும். அந்த நீரை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, குழாயின் உள்சுவர் திரும்ப அடிக்கு இழுத்துக்கொள்ளும். மோட்டார் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றலாம். 117 வாட்டுக்கு இது தாராளம். இரண்டு ஃபேன், ஆறு குழாய் உள்ள இரட்டை டவர் 200 வாட் பக்கம் வரை சமாளிக்கும்.

தண்ணீர்க் கூலரை நான் குறை சொல்லவில்லை. அதில் சிப்பின் சூட்டை வாங்கிய நீரை ஒரு பம்ப் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன் அதை ஆற்றும். அண்டாத் தண்ணீர் சட்டென்று சூடாகாது, அது மாதிரி சின்னச் சின்ன ஏற்றங்களை அது விழுங்கிவிடும். ஆனால் ஒரு மணி நேரம் ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுசாக உருவாக்கும் வேலை) ஓடினால் அண்டாவும் சூடாகும். அப்புறம் ரேடியேட்டர் எவ்வளவு பெரியது என்பதுதான் கணக்கு. 120 மில்லிமீட்டர் ரேடியேட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை, அந்தக் காசுக்கு நல்ல டவரே வரும். 240இல் தொடங்குங்கள். பம்ப் ஒரு நாள் நிற்கும், ரப்பர் குழாய் வழியாக நீரும் வருடக்கணக்கில் மெல்லக் குறையும். அப்போது முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். மாட்டும்போது ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி பம்புக்குள் போய்ச் சேரும், கொரகொரவென்று சத்தம் கேட்கும்.

மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அண்ணன் ஒருவர் 14700கே வைத்திருக்கிறார், 360 ரேடியேட்டரோடு. அவருக்கு அது நியாயம். அப்படியும் மே மாதம் 100 டிகிரியைத் தொட்டு, சிப் தானாக வேகத்தைக் குறைத்தது. பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில், போய்ப் பார்த்தால் மின்சாரத்துக்கு எல்லையே இல்லை. சில எம்.எஸ்.ஐ. போர்டுகள் முதல் தடவை என்ன கூலர் என்று கேட்கும். தண்ணீர்க் கூலர் என்று அமுக்கினால் 4096 வாட் என்று போட்டுக்கொள்ளும், அதாவது இஷ்டத்துக்கு இழுத்துக்கொள் என்று அர்த்தம். அதை 180 ஆக்கினோம். ரெண்டர் சில நிமிடம் கூடியது, சூடு எண்பதுகளுக்கு இறங்கியது. காசு செலவில்லாத கூலர் இதுதான்.

இரண்டு கூலர்களை ஒப்பிட வேண்டுமானால் மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்: அதே பெட்டி, அதே பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசுவது), அதே வாட் எல்லை. சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்து டிகிரியிலிருந்து அப்போதைய அறை வெப்பத்தைக் கழித்து எழுதுங்கள். ஒரு கண்ணி இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் பெரிய சிப்புகள் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் செய்யப்பட்டவை. நல்ல கூலரிலும் 95, சுமாரான கூலரிலும் 95 காட்டலாம். அப்போது டிகிரியை விட்டுவிட்டு, எந்தக் கூலரில் அதிக வாட், அதிக வேகம் கிடைக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு சோதனை, இதைப் புதுக் கூலர் வாங்கும் முன்பே செய்துவிடுங்கள். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலர் மேல் குற்றமில்லை, பெட்டிக்குக் காற்றில்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டும், பெட்டியை உள்ளே தள்ளிக் கதவு சாத்தும் பழைய கம்ப்யூட்டர் டேபிளும்தான் இதில் பெரிய குற்றவாளிகள்.

வாங்கும்போது உயரத்தை அளந்துகொள்ளுங்கள். டீப்கூல் ஏ.கே.400 155 மில்லிமீட்டர், நாக்டுவா என்.எச்.-டி15 165. சின்ன கேபினட்டில் பின்னது கதவைச் சாத்தவிடாது. சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். இன்டெல்லின் 1200க்கு உள்ள துளைகள் 1700க்குப் பொருந்தாது, தனி பிராக்கெட் வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், யாரோ அந்தத் தாளோடு மாட்டிக் கொடுத்த பெட்டிகள் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு என் மேஜைக்கு வருகின்றன. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஏ.எம்.டி.யின் பழைய ஏ.எம்.4 சாக்கெட்டில் உள்ள கூலரைக் கழற்றும்போது நேராகத் தூக்காதீர்கள். நான் ஒரு தடவை தூக்கினேன். பேஸ்ட் பசை மாதிரி பிடித்திருந்ததால் பிராசசரும் கூடவே வந்துவிட்டது, ஆறு பின் வளைந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் முனையை வைத்து நிமிர்த்த ஒரு மாலை போனது. இப்போதெல்லாம் பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இடமும் வலமுமாகத் திருகி எடுக்கிறேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பெட்டிகளில் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடக்கும், உப்புக்காற்று. கறுப்புப் பூச்சோ நிக்கல் பூச்சோ உள்ள கூலர் இதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பெட்டியை வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், ப்ளோயர் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.