கட்டில் தலைப்பலகைக்குப் பின்னல் உறை: எங்கெங்கே தவறுகிறது?

கட்டிலின் தலைப்பலகைக்கு உல்லன் நூலில் புடைப்பு டிசைன் வைத்து உறை பின்னுவது ஸ்வெட்டரைவிட எளிது. கழுத்து வளைவு கிடையாது, கை கிடையாது, ஏறக்குறைய ஒரு நீள்சதுரம்தான். அப்படியிருந்தும் மாட்டிய சில வாரங்களிலேயே நடுவில் தொய்ந்து, கீழ் ஓரம் அலையலையாக நிற்கும் உறைகள்தான் அதிகம். பின்னுபவருக்குக் கைத்திறன் இல்லாமல் இப்படி ஆவதில்லை. போர்வைக்குப் போடும் கணக்கை இதற்கும் போடுவதால் ஆகிறது. போர்வை படுக்கையில் கிடக்கும். உறையோ பலகையின் மேல்விளிம்பில் தொங்கும். தன் எடையே அதைக் கீழே இழுக்கும், தினமும் யாராவது அதில் சாய்வார்கள். நூல், கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையம்) எண்ணிக்கை, ஓரம், உள்துணி எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கணக்குகளைப் பார்க்க ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம்: அகலம் 152 செ.மீ., அதாவது 5 அடி. மெத்தைக்கு மேல் தெரியும் உயரம் 60 செ.மீ.; கனம் 5 செ.மீ. முன்பக்கமும் விளிம்புப் பட்டையும் பின்னல், பின்பக்கம் துணி. பின்பக்கத்தையும் பின்னுவது நூலுக்கும் நேரத்துக்கும் கேடு. அது சுவரைப் பார்த்துத்தான் இருக்கப்போகிறது. நெய்த துணி நீளாது என்பதால் முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்கவும் அதுதான் நல்லது.

அளவெடுப்பதில் வரும் தவறு

வெறும் பலகையை அளந்துவிட்டு, பிறகு ஃபோம் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு அங்குல ஃபோமை இரு பக்க விளிம்பையும் சுற்றி ஒட்டினால் அகலம் 5 செ.மீ. கூடிவிடும், உறை ஏறாது. ஃபோம் வைப்பதாக இருந்தால் முதலில் அதை ஒட்டி, மேலே மெல்லிய காட்டன் துணி போர்த்தி, அதன்பிறகு டேப்பை எடுங்கள். அந்தத் துணி அவசியம். வெறும் ஃபோம்மீது பின்னல் வழுக்கி இறங்காமல் சிக்கிக்கொள்ளும். கண்ணிகளின் இடைவெளியில் ஃபோமின் நிறமும் தெரியும்.

பலகையைக் கட்டிலோடு போல்ட் போட்டு இணைக்கும் கால்களையும் மறக்கக் கூடாது. கால் எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் இறங்குகிறதோ அங்கே பின்துணியில் திறப்பு விட வேண்டும். மேல்விளிம்பு வளைந்த பலகையாக இருந்தால் டேப் அளவு மட்டும் போதாது. செய்தித்தாள்களை ஒட்டிப் பலகைமீது வைத்து வளைவை அப்படியே வெட்டி எடுங்கள். பின்னும்போது துண்டை அந்தத் தாள்மீது வைத்துப் பார்த்துக் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போகலாம். கம்பிக் கட்டிலாக இருந்தால் கம்பிகளுக்கு முன்னால் ஒரு பிளைவுட் பலகையைக் கட்டிய பிறகே உறையைப் பற்றி யோசிக்கலாம். இல்லாவிட்டால் கம்பிக்குக் கம்பி பின்னல் குழிந்துவிடும்.

லேபிளை நம்பிக் கண்ணி போடுவது

பெரிய சேதம் இங்கேதான். தடித்த நூலின் லேபிளில் 6 மி.மீ. ஊசிக்கு 10 செ.மீ.க்கு 14 கண்ணி என்று அச்சிட்டிருந்தால், அது ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று போகும் சாதாரணப் பின்னலுக்கான அளவு. கேபிள், அதாவது கயிறு முறுக்கியதுபோன்ற புடைப்பு, போட்டால் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறுவதால் துணி சுருங்கும். கேபிளும் மாஸ் பின்னலும் (நிட்டும் பர்லும் கண்ணிக்குக் கண்ணி மாறி மாறி வருவது) கலந்த டிசைனில் அதே நூல், அதே ஊசி 10 செ.மீ.க்கு 17 கண்ணி தருவது சாதாரணம்.

உறை சற்றே இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால் 152 செ.மீ. பலகைக்கு சுமார் 3 விழுக்காடு குறைத்து 148 செ.மீ. வருமாறு பின்னுகிறோம். லேபிள் கணக்குப்படி 207 கண்ணி. அதை கேபிள் டிசைனில் பின்னினால் கிடைப்பது ஏறத்தாழ 122 செ.மீ.தான், 26 செ.மீ. பற்றாது. 17 கண்ணி கணக்கில் 252 வேண்டும்.

ஆகவே மாதிரித் துண்டை நிஜ டிசைனிலேயே பின்னுங்கள். 20 செ.மீ. சதுரத்துக்குக் குறைவானதை நம்ப முடியாது. அதை உறையைத் துவைக்கப்போகிற முறையிலேயே துவைத்து, காயவைத்து, நடுப்பகுதியில் அளக்க வேண்டும். ஓரத்திலிருந்து அளந்தால் தப்பாகக் காட்டும்.

அதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் தொய்வில் மாட்டிக்கொள்கிறார்கள். துண்டைத் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும். அதன் எடை 28 கிராம் என்று வையுங்கள்: 100 சதுர செ.மீ.க்கு 7 கிராம். உறையில் 20 செ.மீ. அகலமும் 58 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பட்டை சுமார் 81 கிராம் இருக்கும். அவ்வளவு எடையையும் மேல்விளிம்புக் கண்ணிகள்தான் தாங்கும். எனவே துண்டின் மேல் ஓரம் முழுவதையும் கிளிப்புகளால் ஒரு கம்பில் பிடித்து, கீழ் ஓரத்தில் 50 கிராம் சொச்சம் எடையைச் சீராகப் பரவும்படி கோத்து, 2 நாள் விடுங்கள். இரண்டு மூலையில் மட்டும் பிடித்தால் அளவு தவறும். 20 செ.மீ. உயரம் 20.8 ஆகியிருந்தால் நீட்சி 4 விழுக்காடு, 60 செ.மீ. வேண்டிய இடத்தில் 58-க்குச் சற்றுக் குறைவாகப் பின்னினால் மாட்டிய பின் சரியாக வரும்.

நூல் எவ்வளவு வாங்குவது என்பதையும் இதே துண்டு சொல்லிவிடும். முன்பக்கம் 148 × 58 செ.மீ.க்கு சுமார் 600 கிராம், மேலேயும் பக்கங்களிலும் வரும் 5 செ.மீ. பட்டைக்கு 92 கிராம், பத்து விழுக்காடு கூடுதல், மாதிரித் துண்டு என்று எல்லாம் சேர்ந்து 800 கிராமை நெருங்கும். 100 கிராம் பந்து 9 வாங்கினால் நிம்மதி. எல்லாம் ஒரே லாட் எண்ணா (ஒரே தடவையில் சாயமேற்றியதா) என்று கடையிலேயே பாருங்கள். பிறகு வாங்கும் பந்தின் நிறம் கையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இவ்வளவு பெரிய பரப்பில் கோடு போட்டதுபோல் தனித்து நிற்கும்.

நூல்

காட்டன் நூல் கோடைக்கு இதம், புடைப்பும் தெளிவாகத் தெரியும். ஆனால் கனமானது, இழுத்தால் திரும்பிச் சுருங்காது. காட்டன்தான் வேண்டுமென்றால் உள்துணி இல்லாமல் முயல வேண்டாம். கம்பளி தன் வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் வெந்நீரில் கசக்கினால் இறுகிச் சிறுத்துவிடும், பூச்சியும் அரிக்கும். நம் வீடுகளுக்கு அக்ரிலிக் அல்லது அக்ரிலிக் கலந்த கம்பளியே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. காரணம் தலைக்கு வைக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தலை தினமும் சாயும் இடத்தில் துணி கறுக்காமல் இருக்காது. அடிக்கடி துவைக்க முடியாத உறை அங்கே நிலைக்காது. கறை பட்ட இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொட்டு வைத்து, 15 நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீரில் அலசலாம்.

நிறத்தில் தவறினால் உழைப்பே கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு, கருநீலம், பல வண்ணம் மாறிவரும் நூல், மயிர் மயிராக நிற்கும் நூல் இவை எல்லாமே கேபிளை விழுங்கிவிடும். வழவழப்பாக, நன்றாக முறுக்கேறிய, வெளிர் அல்லது நடுத்தர நிற நூலில்தான் நிழல் விழுந்து வேலைப்பாடு எழும்பும்.

ஒரே துண்டாகப் பின்னுவது

252 கண்ணியை நேர் ஊசியில் ஏற்ற முடியாது. நீண்ட வட்ட ஊசியில் ஏற்றி முன்னும் பின்னுமாகப் பின்னலாம்தான். ஆனால் முடிவதற்குள் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். அதைவிட 42 கண்ணி வீதம் 6 நெடுந்துண்டுகளாகப் பின்னி இணைப்பது நல்லது. இணைப்புத் தையல்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால் அவையே தொய்வையும் தடுக்கும். தையலுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 2 கண்ணி சேர்க்க மறந்தால் 6 துண்டில் 12 கண்ணி, அதாவது 7 செ.மீ. காணாமல் போகும்.

42 கண்ணிக்கு ஒரு நல்ல பகிர்வு: மாஸ் 6, பர்ல் 2, கேபிள் 8, பர்ல் 2, மாஸ் 6, பர்ல் 2, கேபிள் 8, பர்ல் 2, மாஸ் 6. கேபிளின் இரு புறமும் பர்ல் விடாமல் பின்னுவது பலர் செய்வது. பர்ல் பள்ளமாக உள்வாங்கினால்தான் கேபிள் மேடாகத் தெரியும். 8 கண்ணி கேபிளை 8 வரிசைக்கு ஒருமுறை, 4-ஐ 4-இன்மேல் கடத்துங்கள். 4 வரிசைக்கு ஒருமுறை கடத்தினால் துணி அட்டைபோல் விறைக்கும், நூலும் அதிகம் தின்னும்.

கார்ட்டர் பின்னலை, அதாவது எல்லா வரிசையும் நிட்டாக வருவதை, கேபிளுக்குப் பக்கத்தில் அகலமாக வைக்காதீர்கள். ஒரே உயரத்துக்கு அது கூடுதல் வரிசைகளைக் கேட்கும். பக்கத்துப் பகுதி அத்தனை வரிசை தராததால் கார்ட்டர் பகுதி குட்டையாகி, அருகில் உள்ளதைச் சுருக்கி இழுக்கும். குமிழ் வைக்க ஆசைப்பட்டால் மேலே 10, 15 செ.மீ.க்குள் வையுங்கள். சாயும் இடத்தில் குமிழ் இருந்தால் தலையில் உறுத்தும், முடியும் சிக்கும்.

விரிந்து நிற்கும் ஓரங்கள்

கேபிள் சுருக்கும், ஓரத்து மாஸ் பட்டை சுருக்காது. இரண்டுக்கும் ஒரே கண்ணி எண்ணிக்கை போட்டால் ஓரம் பாவாடைக் கொசுவம்போல் விரியும். ஒவ்வொரு துண்டின் கீழ்ப்பட்டையையும் 5 மி.மீ. ஊசியில் 38 கண்ணியோடு தொடங்கி 6 வரிசை மாஸ் பின்னுங்கள். கடைசி வரிசையில் ஒவ்வொரு கேபிள் வரும் இடத்திலும் 3 கண்ணி கூட்டி 44 ஆக்கி (டிசைனுக்கு 42, தையலுக்கு 2), 6 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். மேலே முடிக்கும்போது அதே 6 கண்ணியைக் கேபிள்களின் தலையில் குறைத்துவிட்டு முடியுங்கள். பலரும் கீழே கூட்டுவார்கள், மேலே குறைக்க மறந்துவிடுவார்கள்.

முடிப்பு வரிசையை இறுக்கிப் போட்டால் மேல்விளிம்பு பலகையில் ஏறாது, ஒரு மி.மீ. பெரிய ஊசியால் முடிக்கலாம். புதுப் பந்தை வரிசையின் நடுவில் சேர்க்காமல் ஓரத்தில் சேருங்கள். முடிச்சுப் போட வேண்டாம். 15 செ.மீ. வால் விட்டு, பின்னர் தையலுக்குள் செருகிவிடலாம்.

நீவுவதும் இணைப்பதும்

கம்பளியானால் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, அளவுக்கு ஊசி குத்திப் படுக்கையாகக் காயவிட வேண்டும். கொடியில் போட்டால் அங்கேயே நீண்டுவிடும். அக்ரிலிக்மீது இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூடு பட்ட அக்ரிலிக் தட்டையாகி, புடைப்பு திரும்ப எழவே எழாது.

இணைக்க, இரு துண்டுகளின் நல்ல பக்கமும் மேலே இருக்க அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓடும் குறுக்கிழையை இரு பக்கமும் மாறி மாறி எடுத்துத் தையுங்கள். வரிசைக்கு வரிசை ஒத்துவருகிறதா என்று ஒவ்வொரு கேபிள் கடப்பிலும் பாருங்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு வரிசை ஏறியிருக்கும்.

உள்ளே காடா துணி வையுங்கள். அது சுருங்கும் துணி என்பதால் முன்பே துவைத்து உலர்த்தியிருக்க வேண்டும். பலகையின் அளவுக்கே வெட்டி, ஒவ்வொரு இணைப்புத் தையலிலும் 15 செ.மீ.க்கு ஒரு இடமாகப் பின்னலோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் எடையைக் காடா துணி சுமக்கும். பின்னல் அதன்மேல் ஓய்வாக இருக்கும்.

கீழே ரிப் பின்னல் (ஸ்வெட்டரின் கை, இடுப்பு ஓரத்தில் வரும் நெகிழும் பின்னல்) பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்; பலகையின் நேர்விளிம்பை அது பிடிக்காது. பின்துணியில் நாடா தைத்துக் கீழே கட்டுவதே எளிது. வெல்க்ரோ வைத்தால் சொரசொரப்பான பாதி மரத்தின் பின்பக்கமும் மென்மையான பாதி துணியிலும் வர வேண்டும். மாற்றி வைத்தால் துவைக்கும்போது அது நூலையெல்லாம் பிய்த்துவிடும். மாட்டும் முன் பலகையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, சிலாம்பு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். புது பாலிஷ் முழுதாகக் காய்ந்த பிறகு உறையை ஏற்றுங்கள்.