எடிட் செய்யப்போகும் கேசட்டை டிவிடி ரெக்கார்டரில் எந்த மோடில் பதிவது?

வீட்டில் கிடக்கும் கல்யாண கேசட்டை டிவிடி ரெக்கார்டரில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டிவிட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பப் போகிறீர்களா? கேசட் ஓட்டும் டெக்கையும் ரெக்கார்டரையும் ஒயர் போட்டு இணைத்தாயிற்று என்றால் அடுத்து வருவது மோட், அதாவது எந்தத் தரத்தில் பதிவது என்பது. எக்ஸ்பி, எஸ்பி, எல்பி, ஈபி என்று மெனுவில் நான்கு இருக்கும். முழு கேசட்டும் ஒரே டிஸ்க்கில் அடங்குவதைத்தான் கை தேடிப் போகும். டிவியில் போட்டுப் பார்க்க மட்டும் என்றால் அது போதும். எடிட்டிங்குக்கு அது சரிவராது.

முதலில் மோட்

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. எக்ஸ்பியில் 1 மணி நேரம், எஸ்பியில் 2, எல்பியில் 4, ஈபியில் 6 (சில மெஷின்களில் 8) மணி நேரம் பதியலாம். டிஸ்க் பெரிதாவதில்லையே! நேரம் கூடினால் ஒவ்வொரு விநாடிக்கும் கிடைக்கும் இடம் குறைகிறது, அவ்வளவுதான். எக்ஸ்பியில் விநாடிக்குச் சுமார் 10 மெகாபிட், எஸ்பியில் 5, எல்பியில் இரண்டரை. எல்பிக்குப் போனால் பல மெஷின்கள் 720 × 576 பிக்சல் படத்தை 352 × 576 ஆகவும் குறைத்துவிடும்.

“கேசட்டே மங்கல், அதற்கு எதற்கு எக்ஸ்பி?” என்று கேட்பார்கள். மங்கலாக இருப்பதால்தான் வேண்டும். டிவிடியில் பயன்படும் எம்பெக்-2 முறை, ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குப் பெரும்பாலும் மாறியதை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்தும். பழைய டேப்பிலோ புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மெஷினுக்கு அதுவும் அசைவுதான். பாதி இடத்தை அதற்கே செலவழித்துவிட்டு, நிஜமான அசைவு வரும்போது திணறும்.

தாலி கட்டும் கட்டத்தைப் பாருங்கள். கெட்டிமேளம், முகத்தில் வீடியோ லைட், நாலா பக்கமிருந்தும் அட்சதை. எல்பியில் பதிந்து அந்த இடத்தில் பாஸ் போட்டால் அரிசி தெரியாது. மணப்பெண் முகத்தின் மேலேயே சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும். எடிட் முடித்து எம்பி4 ஆக்கும்போது அந்தக் கட்டங்களையும் சேர்த்து இன்னொரு முறை சுருக்குவோம், படம் இன்னும் கெடும்.

ஆகவே எக்ஸ்பி. ஈ-180 கேசட் ஓடுவது 3 மணி நேரம், மூன்று டிஸ்க் வேண்டும். ரிசப்ஷனில் வரிசையில் நின்று கவர் கொடுக்கும் பகுதிக்கு எஸ்பியே தாராளம். எல்பி, ஈபி பக்கம் போகவே வேண்டாம். டிஸ்க் மாற்றும்போது டேப்பைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டிலும் பொதுவாகச் சில விநாடிகள் இருந்தால் பிறகு ஒட்டுவது சுலபம்.

அடுத்து டிஸ்க் ஃபார்மட்

டிவிடி-ஆர்டபிள்யூ (அழித்து மறுபடி பதியக்கூடிய டிஸ்க்) போட்டால் வீடியோ மோடா, விஆர் மோடா என்று மெஷின் கேட்கும். விஆரில் ரிமோட்டை வைத்தே காட்சிகளை வெட்டலாம். ஆனால் டிஸ்க்கில் பதிந்த எல்லாமே விஆர்ஓ என்ற ஒரே நீளமான ஃபைலாக உட்காரும். எது எங்கே தொடங்குகிறது என்ற விவரம் வேறொரு ஃபைலில் இருக்கும், பல எடிட்டர்கள் (எடிட்டிங் மென்பொருள்கள்) அதைப் படிக்காது. வெட்டப்போவது கம்ப்யூட்டரில்தானே, வீடியோ மோடே எடுங்கள். ஆர்டபிள்யூ வாங்கினால் ஒரு மணி நேரம் பதிந்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி, அழித்துவிட்டு அதிலேயே மறுபடி பதியலாம்.

ஒலிக்கு டால்பி, எல்பிசிஎம் என்று இரண்டு கேட்டால் டால்பி போதும். எல்பிசிஎம் என்பது சுருக்காத ஒலி, விநாடிக்கு ஒன்றரை மெகாபிட்டைப் படத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

ஃபைனலைஸ், அப்புறம் காப்பி

வீடியோ மோடில் பதிந்த டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யாமல் (மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல்) கம்ப்யூட்டரில் போட்டால் காலி டிஸ்க் போலக் காட்டலாம். பதறாதீர்கள், ரெக்கார்டரில் திரும்பப் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள்.

டிஸ்க்கைத் திறந்தால் படம் சுமார் 1 ஜிபி துண்டுகளாக, விஓபி ஃபைல்களாக இருக்கும். அவற்றைத் தனித்தனியாக எடிட்டரில் இழுத்துப் போட்டால் துண்டு சேரும் இடத்தில் ஒலி தடுக்கும். மேக்எம்கேவி மென்பொருளில் டிஸ்க்கைக் காட்டினால், மறுபடி சுருக்காமல் ஒரே எம்கேவி ஃபைலாக எடுத்துத் தரும்.

வெட்டும்போது

வெறுமனே வெட்டி ஒட்டுவதுதான் வேலை என்றால் அவிடிமக்ஸ் மென்பொருள் போதும். வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் காப்பி (மறுபடி சுருக்காமல் அப்படியே எடுப்பது) என்று வையுங்கள். கீஃபிரேமில், அதாவது முழுப் படமாக எழுதப்பட்ட ஃபிரேமில்தான் வெட்ட முடியும். அது சுமார் அரை விநாடிக்கு ஒன்று வருவதால் பெரிய தொல்லை இல்லை.

பாட்டு, டைட்டில் எல்லாம் சேர்ப்பதானால் பெரிய எடிட்டரில் புராஜெக்ட்டை விநாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு (ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாக வரும் முறை) என்று அமையுங்கள். கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அந்தப் பாதிகளைச் சரிசெய்யும் டிஇன்டர்லேஸ் ஃபில்டர் போட வேண்டும். அதைக் கடைசியில், எம்பி4 ஆக்கும்போது ஒரே ஒரு முறை செய்யுங்கள். எடிட் முடிந்ததென்று எம்கேவி ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். எக்ஸ்பியில் ஒரு கேசட் 14 ஜிபி சொச்சம்தான், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.