மார்கழிக் குளிருக்கு முன் கீசரைத் தயார் செய்வது எப்படி? போர் தண்ணீர் வீடுகளுக்கு

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மழை ஓய்ந்த கையோடு விடியற்காலைக் குளிர் தொடங்கிவிடும். ஏழெட்டு மாதம் சும்மா கிடந்த கீசரை அன்றைக்குத்தான் போடுவார்கள். சுவிட்சைத் தட்டியதும் எம்சிபி (மீட்டர் போர்டில் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழும், அல்லது சிவப்பு விளக்கு ஐந்து நிமிடத்தில் அணைந்து தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கும். பெரும்பாலும் இரண்டுக்கும் மூல காரணம் உப்புதான்.

குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளில் மாடித் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு சூடு பட்டதும் பிரிந்து வெள்ளைப் பாறையாகப் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் பார்க்கிறோமே, அதேதான். கீசருக்குள் அதிகச் சூடு காயிலில், அதாவது நீரைக் காய்ச்சும் கம்பியில், என்பதால் படிவும் அங்கேதான் அதிகம். உப்பு மூடிய காயில் தன் சூட்டை நீருக்குத் தர முடியாமல் தானே காய்ந்து வெடிக்கும். கசிவு மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது. பக்கத்திலுள்ள, சூட்டைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் குழாயும் அந்தச் சூட்டில் ஏமாந்து, நீர் காயும் முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடும்.

கார்த்திகைக்குள் ஒரு அரை நாள் ஒதுக்கினால் போதும். கீழே சொல்வது 15 அல்லது 25 லிட்டர் செங்குத்து கீசருக்கு. வாரண்டி முடியாத கீசர் என்றால் 2-ஆம் படியோடு நிறுத்திக்கொண்டு, திறக்கும் வேலையைக் கம்பெனி ஆளிடம் விடுங்கள். ஒயர் வேலை பழக்கமில்லாதவர்களும் 3-ஆம் படி முதல் எலக்ட்ரீஷியனை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கி வைக்க வேண்டியவை: அந்த மாடலுக்கான கேஸ்கட் (அடி மூடியில் நீர் கசியாமல் தடுக்கும் வளையம்), மெக்னீசியம் ராடு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 250 கிராம், டெஃப்லான் டேப். கூடவே டெஸ்டர், மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், பிளாஸ்டிக் பிரஷ், இரண்டு பக்கெட்.

1. மின்சாரத்தை நிறுத்துங்கள். எம்சிபியை இறக்கி, பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யக் கூடாது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிய வீடுகளில் சுவிட்ச் அணைந்தாலும் காயிலில் மின்சாரம் இருக்கும். உள்ளே சூடு இருந்தால் வெந்நீரைத் திறந்து விட்டு ஆறவையுங்கள்.

2. தண்ணீரை வடியுங்கள். கீசருக்குப் போகும் வால்வை மூடி, நீல நிற இன்லெட் ஓஸைக் கழற்றி, அடியில் பக்கெட் வையுங்கள். பலருக்கு இங்கே ஒரு சொட்டும் வராது. வெந்நீர் போகும் குழாய் டேங்கின் உச்சி வரை நிற்கிறது. அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் நீர் கீழே இறங்கும். குளியலறை வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். இன்லெட்டில் சேஃப்டி வால்வு இருந்தால் அது நீரைத் திரும்ப விடாது. அதையும் கழற்ற வேண்டும். வெள்ளைப் பொடி வந்தால் உப்பு. காவி நிறம் வந்தால் டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

3. அடி மூடியைத் திறங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டை உருவி எடுத்து, காயில் பொருத்தியிருக்கும் தட்டைச் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் காயிலும் ராடும் சேர்ந்து வெளியே வரும். பக்கெட் அடியிலேயே இருக்கட்டும், மீதி நீர் கொட்டும்.

4. உப்பைக் கரையுங்கள். 5 லிட்டர் வெந்நீரில் 250 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, காயிலை இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஒயர் மாட்டும் முனைகள் நனையக் கூடாது. பிறகு பிரஷால் தேய்த்தால் உதிரும். கத்தியால் சுரண்டாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். மேலுறையில் விழும் சின்ன விரிசலே நாளைய ஷாக். கழிப்பறை ஆசிட் சீக்கிரம் வேலை செய்யும்தான், கூடவே செம்பையும் தின்றுவிடும். டேங்கின் உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கும் என்பதால் அங்கும் இரும்பு எதுவும் படக் கூடாது. டேங்கை ஓஸால் அலசினாலே போதும்.

மெக்னீசியம் ராடு, துருவைத் தன் மேல் வாங்கிக்கொள்ள வைத்த பலியாடு. பாதி கரைந்திருந்தாலோ, நடுவிலுள்ள கம்பி தெரிந்தாலோ மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் இது வேகமாகக் கரையும். இதை மாற்றாமல் விட்டுத்தான் பல டேங்குகள் வெல்டிங் ஓரத்தில் ஓட்டையாகின்றன.

5. காயிலைச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. ஒரு முனைக்கும் உலோக உறைக்கும் இடையே ஏதாவது அளவு காட்டினால் கசிகிறது. இந்த இரண்டில் எதுவானாலும் காயிலை மாற்ற வேண்டியதுதான்.

6. மூடுங்கள். பழைய கேஸ்கட் மறுபடி வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

7. முதலில் தண்ணீர், பிறகுதான் மின்சாரம். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து வால்வைத் திறங்கள். காற்று துப்பித் துப்பி வரும். நீர் சீராக ஒழுகிய பிறகே பிளக் மாட்ட வேண்டும். காலி டேங்கில் சுவிட்ச் போட்டால் புதுக் காயிலும் சற்று நேரத்தில் எரிந்துபோகும்.

சூட்டை 50 முதல் 55 டிகிரியில் வையுங்கள். 60-ஐத் தாண்டினால் உப்பு வேகமாகப் படியும். 20 டிகிரி நீர் 15 லிட்டர், 2000 வாட் காயிலில் 55-ஐத் தொட ஏறக்குறைய 18 நிமிடம். உங்கள் கீசர் வெகுநேரம் எடுத்தால் மறுபடி பாருங்கள்.

சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது சொட்டுகிறதா? அது பழுதல்ல. 15 லிட்டர் நீர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஒரு டம்ளர் அளவு விரியும். திரும்பிப் போக வழியில்லாததால் அங்கே சொட்டுகிறது. எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அது டேங்கை வெடிகுண்டாக்கும் வேலை.

கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயரும் தனி எம்சிபியும் வேண்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் உடனே விழ வேண்டும். நம் ஊர்ப் பாறை நிலத்தில் எர்த் குழி காய்ந்தால் எர்த்திங் பலவீனமாகும். கோடையில் காய்ந்த குழிக்கு மழை போதாவிட்டால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். மூடிய அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிருக்காகக் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவடைப்பதும் அதே ஆபத்துதான்.

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் கண்ணாடிக் குழாய்களின் நுனியைப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் அந்தக் குழாயில் வெற்றிடம் போய்விட்டது, மாற்ற வேண்டும். குவாரி, கிரஷர் பக்கத்து வீடுகளில் தூசியை மாதம் ஒருமுறையாவது துடையுங்கள். குழாயைக் கழற்றி அலசுவதும் டேங்கை நிரப்புவதும் வெயில் ஏறும் முன் முடியட்டும். உச்சி வெயிலில் காய்ந்த வெறும் குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி படீரென்று உடையும்.